கறுப்புக் காய்களின் வெற்றி: சோபியா, 12-ஆவது ஆட்டம்

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களை ஆடுபவரே முதலில் நகர்த்த வேண்டும் என்ற வழக்கம் மிகப் பழமையானதன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது எல்லாப் போட்டிகளுக்கும் உரிய விதியாக நிலைபெற்றது. அவ்விதி நிலைபெற்ற நாளிலிருந்து இரு நிறங்களுக்கும் இடையே ஒரு சிறிய ஏற்றத்தாழ்வு தொடர்ந்து இருந்துவருகிறது. ஆட்டத்தின் போக்கை முதலில் தீர்மானிக்கும் உரிமை வெள்ளைக்கு உண்டு. கறுப்பு அதற்கு விடையளித்தே தொடங்குகிறது. போட்டி ஆட்டங்களின் பெருந்தொகுப்புகளில் வெள்ளை ஈட்டும் புள்ளிகள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 முதல் 56 வரை நிற்கின்றன. வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், உலகின் முதல் பத்து இருபது வீரர்கள் தமக்குள் மோதும்போது, வெள்ளையோடு வெல்ல முயல்வது, கறுப்போடு சமன் செய்வது என்ற திட்டமே பெரும்பாலும் இருதரப்பிலும் மேலோங்கி நிற்கிறது. வெற்றிக்கு ஒரு புள்ளியும் சமனுக்கு அரைப்புள்ளியும் தரப்படும் இவ்விளையாட்டில், கறுப்போடு ஈட்டும் அரைப்புள்ளியை எந்த வீரரும் குறைவாக எண்ணுவதில்லை.

இந்நிலையில், உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் கடைசி ஆட்டத்தில், புள்ளிகள் சமமாக நிற்கும்போது, கறுப்புக் காய்களை ஆடுபவர் வெல்வது எவ்வாறு நிகழ்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது 2010 மே 11 அன்று பல்கேரியத் தலைநகர் சோபியாவில் வெசலின் டோபலோவுக்கும் விஸ்வநாதன் ஆனந்துக்கும் இடையே நடந்த 12-ஆவது ஆட்டம். அதில் டோபலோவ் வெள்ளை, ஆனந்த் கறுப்பு. 56 நகர்வுகளில் கறுப்பு வென்றது; ஆறரைக்கு ஐந்தரை என்ற கணக்கில் பட்டம் ஆனந்திடமே நின்றது. அவ்வெற்றியின் வேர் பலகையில் மட்டும் இல்லை என்பதும், அந்த ஆட்டம் சமனில் முடிந்தால் அடுத்து நேர வேண்டியிருந்ததை எவர் அஞ்சினார், எவர் அஞ்சவில்லை என்ற கேள்வியிலேயே அதில் பாதி அடங்கியிருந்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

ஆட்டத்தைப் பின்தொடர்வதற்குச் சில பெயர்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். பலகையின் எட்டு நெடுக்கு வரிசைகள் வெள்ளையின் இடப்புறமிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என எட்டு ஆங்கில எழுத்துகளாலும், குறுக்கு வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையிலான எண்களாலும் அழைக்கப்படுகின்றன. ஆகவே ஏ8 என்பது கறுப்பின் பக்கத்தில், வெள்ளையின் இடது கோடியில் உள்ள மூலைக் கட்டம். நேர்கோட்டில் செல்லும் மூலைக்காய் இங்கு யானை என்றும், மூலைவிட்டமாகச் செல்லும் காய் மந்திரி என்றும் குறிக்கப்படும். குதிரை, அரசி, அரசன், சிப்பாய் ஆகியவை எல்லோரும் அறிந்தவை.

போட்டி தொடங்கிய சூழ்நிலையே சாம்பியனுக்குச் சாதகமாக இருக்கவில்லை. டோபலோவ் பல்கேரியர், 2005-இல் அர்ஜென்டினாவின் சான் லூயிசில் உலகப் பட்டம் வென்று, மறுஆண்டு எலிஸ்டாவில் விளாதிமிர் கிராம்னிக்கிடம் அதை இழந்தவர், 2009-இல் அதே சோபியாவில் காட்டா காம்ஸ்கியை வீழ்த்திச் சவால் விடும் உரிமையைப் பெற்றவர். ஆனந்த் சோபியாவுக்குப் புறப்பட்ட வேளையில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் ஐரோப்பிய வான்வழியை மூடிவிட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் சிக்கிக்கொண்ட அவர் தரைவழியாக ஏறத்தாழ 40 மணி நேரம் பயணம் செய்து சோபியாவை அடைந்தார். மூன்று நாள் ஒத்திவைக்குமாறு அவர் தரப்பு கேட்டது. கிடைத்தது ஒரே நாள். ஏப்ரல் 24 அன்று நடந்த முதல் ஆட்டத்தில், தாமே ஆயத்தம் செய்திருந்த ஒரு தொடர்ச்சியில் நகர்வுகளின் வரிசையைத் தடுமாறிக் கலைத்து, 30 நகர்வுகளில் ஆனந்த் தோற்றார்.

அதன்பின் போட்டி சமன்பட்டது. இரண்டாம், நான்காம் ஆட்டங்களில் ஆனந்த் வெள்ளையோடு கத்தலான் தொடக்கத்தை ஆடி வென்றார். எட்டாம் ஆட்டத்தில், ஒருவர் வெள்ளைக் கட்டத்திலும் மற்றவர் கறுப்புக் கட்டத்திலும் செல்லும் மந்திரிகளை வைத்திருந்த, பெரும்பாலும் சமனில் முடியக்கூடிய இறுதிநிலையில் அவர் தவறிழைக்க, டோபலோவ் வென்றார். மற்ற ஏழு ஆட்டங்களும் சமன். பதினோரு ஆட்டங்களின் முடிவில் இருவருக்கும் ஐந்தரைப் புள்ளிகள். அதுவரை நடந்த தீர்வான ஆட்டங்கள் நான்கிலும் வெள்ளையே வென்றிருந்தது. 12-ஆவது ஆட்டத்தில் வெள்ளை டோபலோவுக்கு.

அந்த ஆட்டம் சமனில் முடிந்திருந்தால், பட்டத்தைத் தீர்மானிக்கத் துரித ஆட்டங்கள் நடந்திருக்கும். நாற்பது நகர்வுகளுக்கு இரண்டு மணி நேரம் தரும் முறையான ஆட்டத்துக்கு மாறாக, ஒவ்வொரு வீரருக்கும் முழு ஆட்டத்துக்கே 25 நிமிடங்களும் நகர்வுக்குச் சில நொடிகளும் மட்டுமே தரப்படும் ஆட்டங்கள் அவை. துரித ஆட்டத்தில் ஆனந்துக்கு இணையானவர் அக்காலத்தில் அரிது. 2003-இல் உலகத் துரிதச் சதுரங்கப் பட்டத்தை வென்றவர் அவர், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடந்த துரிதப் போட்டியைப் பலமுறை கைப்பற்றியவர். டோபலோவின் பலம் வேறு: நீண்ட சிந்தனை, ஆழ்ந்த ஆயத்தம், தயங்காத தாக்குதல். மேலும், சமனுக்கு எதிராளியிடம் வாய்மொழியாகக் கோரிக்கை வைப்பதில்லை என்பதை அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். ஆகவே இறுதி ஆட்டத்தில் உட்கார்ந்தபோது இருவருக்கும் முன்னிருந்த கணக்கு ஒன்றல்ல. ஆனந்துக்குச் சமன் என்பது தமக்கு உகந்த களத்துக்கு இட்டுச்செல்லும் வழி. டோபலோவுக்கோ அது தவிர்க்க வேண்டிய பாதை. முதல் நகர்வின் உரிமையோடு வெல்ல வேண்டிய கட்டாயமும் வெள்ளையிடமே சேர்ந்துகொண்டது.

ஆனந்தும் அவருடைய துணைவர்களும் (டென்மார்க்கின் பீட்டர் ஹைனே நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ராடோஸ்லாவ் வொய்தாஷெக், கொல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி) இக்கட்டாயத்தை நன்கு கணித்தே தொடக்கத்தைத் தேர்ந்தனர் என்று கொள்ளலாம். போட்டியில் அதுவரை கறுப்போடு ஸ்லாவ், குருன்ஃபெல்ட் ஆகிய தற்காப்புகளை ஆடியிருந்த ஆனந்த், அன்று அரசி காம்பிட் மறுப்பில் லாஸ்கர் தற்காப்பை எடுத்தார். அரசி காம்பிட் என்பது வெள்ளை தன் சி சிப்பாயை எதிராளி வெட்டிக்கொள்ளும்படி நீட்டித் தொடங்கும் முறை. அதை வெட்டாமல் தன் நடுவரிசையைக் காப்பது மறுப்பு. 1894 முதல் 1921 வரை, 27 ஆண்டுகள் உலகச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் பெயரால் வழங்கும் தற்காப்பில், கறுப்பு ஏழாம் நகர்வில் தன் குதிரையை இ4 கட்டத்தின் நடுவில் நிறுத்தி, மந்திரிகளையும் குதிரைகளையும் அடுத்தடுத்து மாற்றிக்கொள்கிறது. இடநெருக்கடியில் இருக்கும் தரப்புக்குக் காய்மாற்றம் மூச்சுவிட இடம் தரும் என்ற பழைய பாடத்தின் நேரடிப் பயன் அது. சமனைத் தேடும் வீரருக்கு ஏற்ற, நூற்றாண்டு கடந்த, அமைதியான தொடக்கம். வேகமும் கலகமும் விரும்பும் டோபலோவுக்குத் தாக்க எதையும் அது கொடுக்கவில்லை.

பதினெட்டு நகர்வுகளுக்குள் இருபுறமும் மூன்று சிறுகாய்கள் (குதிரை, மந்திரி ஆகியவை) வெட்டுப்பட்டன. எஞ்சியவை, இருவருக்கும் ஓர் அரசி, இரு யானைகள், ஆறு சிப்பாய்கள். அவற்றோடு வெள்ளைக்கு ஒரு குதிரை, கறுப்புக்கு வெள்ளைக் கட்டங்களில் செல்லும் ஒரு மந்திரி. கறுப்பின் சிப்பாய் அமைப்பில் ஒரு குறை இருந்தது. ஏ7, சி5 ஆகிய இரு சிப்பாய்களும் அருகில் துணைச் சிப்பாய் இல்லாமல் தனித்து நின்றன; இத்தகைய தனிச் சிப்பாயைக் காய்களால்தான் காக்க வேண்டியிருக்கும். அதற்கு ஈடாகத் திறந்த டி வரிசை கறுப்பு யானைகளுக்குக் கிடைத்தது. மந்திரிக்கும் நெடிய மூலைவிட்டங்கள் இருந்தன. இத்தகைய நிலையில் நுண்ணிய சாதகம் யாருக்கு என்று வாதிட இடமுண்டு என்றாலும், இருவரும் பொறுமையாக ஆடினால் ஆட்டம் சமனை நோக்கியே செல்லும் என்பதில் ஐயமில்லை.

இங்கிருந்து கறுப்பு மந்திரியின் பயணத்தை மட்டும் தனியே கவனித்தால் ஆட்டத்தின் உள்ளோட்டம் விளங்கும். 19-ஆவது நகர்வில் பி7, 21-இல் ஏ6, 24-இல் டி3 வரை சென்று வெள்ளை அரசியைத் தாக்கியது. அரசி சி2-இலிருந்து சி1-க்கு விலக, மந்திரி 25-இல் மீண்டும் ஏ6-க்கு வந்தது. இது வெறுமனே முன்னும் பின்னும் போவதன்று. வெள்ளை அரசி மீண்டும் சி2-க்கு வந்தால் மந்திரி மீண்டும் டி3-க்கு வரும். அதே நிலை மும்முறை தோன்றினால் விதிப்படி ஆட்டம் சமன். ஒரு சொல்லும் பேசாமல் கறுப்பு சமனை முன்வைத்த இடம் இது. டோபலோவ் 26-ஆவது நகர்வில் யானையை ஏ3-க்கு நகர்த்தி அதை மறுத்தார்.

அந்த மறுப்பு தவறு என்று கூற முடியாது. ஏ7 சிப்பாயைக் குறிவைத்த இயல்பான நகர்வு அது. ஆனால் அதன் விலை உடனே தெரியவில்லை. வெள்ளை ஏற்கெனவே எஃப், ஜி சிப்பாய்களை ஓரடி முன்னே தள்ளி, அரசனை ஜி2-இல் நிறுத்தியிருந்தது. அடுத்து யானை ஏ3-இல், குதிரை பி3 வழியாக ஏ5-க்கும் அங்கிருந்து சி4-க்கும் என, வெள்ளையின் படை முழுவதும் அரசியின் பக்கம் திரும்பியது. அரசனருகே எஃப்2-இல் ஒரு யானை மட்டும். மந்திரி பி7-க்குத் திரும்பியபோது குதிரை அதைத் தாக்கியது. 28-இல் மந்திரி ஏ8 மூலைக்கு ஒதுங்கியது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது விரட்டப்பட்டு மூலையில் முடங்கிய காய். ஆனால் ஏ8-இலிருந்து எச்1 வரை செல்லும் நெடிய மூலைவிட்டத்தில்தான் வெள்ளை அரசனின் ஜி2 கட்டமும் இருந்தது. மந்திரிக்கும் அரசனுக்கும் இடையே நின்றது எஃப்3 சிப்பாய் ஒன்றே.

29-இல் ஆனந்த் தன் இ சிப்பாயை இ5-க்குத் தள்ளினார். டோபலோவ் 30-இல் தம் இ சிப்பாயை இ4-க்குக் கொண்டுவந்து மூலைவிட்டத்தை இரண்டாம் முறையாக அடைத்தார். இப்போது மந்திரியின் வழியில் இரண்டு சிப்பாய்கள், இ4-இலும் எஃப்3-இலும். ஒன்றை ஒன்று தாங்கி நின்றன. கறுப்பின் விடை எஃப்5: இ4 சிப்பாயைத் தாக்கி, வெள்ளையை வெட்டச் சொல்லும் நகர்வு. டோபலோவ் 31-இல் வெட்டினார். மூலைவிட்டத்தின் முதல் பூட்டு கழன்றது. உடனே ஆனந்த் தன் இ5 சிப்பாயை இ4-க்குத் தள்ளினார். இந்த நகர்வின் அழகு அதன் வெளிப்படையான பொருந்தாமையில் இருக்கிறது: மந்திரியின் வழியைத் திறக்க வேண்டிய கறுப்பு, தன் சிப்பாயையே அவ்வழியின் நடுவில் நிறுத்துகிறது. ஆனால் அச்சிப்பாய் நிற்க வந்ததன்று, வெட்டுப்பட வந்தது. எஃப்3 சிப்பாய் அதை வெட்டினால் அது எஃப்3-ஐ விட்டு நீங்கிவிடும். இ4-இல் வந்து நிற்பதைக் கறுப்பு அரசி வெட்டும். அப்போது ஏ8 மந்திரியின் துணையோடு அரசி வெள்ளை அரசனுக்குச் செக் வைக்கும். டோபலோவ் 32-இல் வெட்டினார். பின்னர் ஆட்டத்தை ஆராய்ந்த பலரும் தோல்விக்குக் காரணமாகச் சுட்டுவது இந்த நகர்வையே. வெள்ளைக்குக் கிடைத்தது கூடுதலாக ஒரு சிப்பாய். இழந்தது அரசனின் கவசம் முழுவதும்.

அரசி இ4-இல் செக் வைத்தபின் வெள்ளை அரசன் ஜி1-க்குப் பின்வாங்கியிருந்தால், கறுப்பு அரசி எச்1-இல் இறங்கி அங்கேயே செக்மேட், அதாவது அரசன் தப்ப வழியற்ற முடிவு; மந்திரியின் காவல் இருப்பதால் அந்த அரசியை வெட்டவும் இயலாது. எனவே அரசன் எச்3-க்கு, வெட்டவெளிக்கு, வர நேர்ந்தது. 33-இல் கறுப்பு யானை டி4-க்கு முன்னேறிக் குதிரையைத் தாக்கியது. குதிரை இ3-க்கு விலகியது. அடுத்த நகர்வுதான் இவ்வாட்டத்தில் அதிகம் நினைக்கத் தக்கது. தாக்குதலின் உச்சத்தில், பலகையின் நடுவில் நின்ற அரசியை ஆனந்த் இ8-க்கு, தம் கடைசி வரிசைக்கே, பின்னே இழுத்தார். பின்வாங்கிய அந்த ஒரு நகர்வால் மூன்று காய்கள் ஒரே வேலையில் சேர்ந்தன. அரசி விலகியதால் மந்திரியின் பார்வை மீண்டும் ஜி2 வரை நீண்டு அரசனின் பின்வழியை அடைத்தது. டி4 யானை ஜி4 கட்டத்தை அடைத்தது. இ8-இலிருந்து அரசி மூலைவிட்டமாக எச்5-க்கு வந்தால் அடுத்த நகர்விலேயே செக்மேட். தாக்குதல் என்றால் முன்னேறுவது என்றே பழகிய கண்ணுக்கு இப்படிப்பட்ட பின்னோக்கிய நகர்வு எளிதில் தென்படுவதில்லை. ஐந்தரை ஐந்தரை என்ற நிலையில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கண்டது ஆனந்தின் கணக்குத் திறனுக்கு மட்டுமன்றி அவருடைய மனநிலையின் தெளிவுக்கும் சான்று.

டோபலோவ் 35-இல் ஜி சிப்பாயை முன்தள்ளி எச்5 கட்டத்தைக் காத்தார். கறுப்பின் எச் சிப்பாய் அதனோடு மோதியது. வெள்ளை அரசன் எச்4-க்கு ஏறினான். 36-இல் கறுப்பு ஜி சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சிச் செக் வைத்தது. வெள்ளை அதை ‘என் பாசான்’ விதிப்படி வெட்டியது. தொடக்க நிலையிலிருந்து இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயை, அது ஒரு கட்டமே சென்றதுபோலக் கருதி, பக்கத்தில் நிற்கும் எதிரிச் சிப்பாய் அடுத்த நகர்விலேயே வெட்டலாம் என்பது அவ்விதி. அதன்பின் ஜி வரிசை திறந்தது, அரசன் காப்பின்றி அலைந்தான். 46-ஆவது நகர்வுக்குள் வெள்ளை தன் அரசியைக் கொடுத்து ஒரு யானையையும் மந்திரியையும் பெற வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தில் ஜி2-இல் வெட்டுப்பட்டது, 28-இல் மூலைக்கு ஒதுங்கிய அதே மந்திரி. இடையில் பதினேழு நகர்வுகள் அது ஒரு கட்டமும் அசையவில்லை. மீதி ஆட்டம் நுட்பமான வேலை மட்டுமே: கறுப்பின் அரசிக்கு எதிராக வெள்ளையின் யானையும் குதிரையும். 56-இல் ஆனந்த் அரசியை ஜி7-க்குக் கொண்டுவர, டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இத்தகைய ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வாதம் வழக்கமாக எழும்: வெள்ளை பெருந்தவறு செய்தது, அதனால் கறுப்பு வென்றது, அவ்வளவே என்பது அது. இவ்வாதம் உண்மையின் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறது. 1886-இல் முதல் உலகச் சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் வகுத்த கோட்பாட்டின்படி, சமநிலையில் உள்ள பலகையில் எவரும் தம் விருப்பத்தால் மட்டும் வெல்ல முடியாது. சமநிலை ஏதேனும் ஒரு தவறால் குலைந்த பின்னரே தாக்குதலுக்கு நியாயம் பிறக்கிறது. அவ்வாறாயின் கறுப்பின் வெற்றிகள் அனைத்திலுமே வெள்ளையின் தவறு இருந்தே தீரும். கேட்க வேண்டிய கேள்வி அந்தத் தவறு எந்த மண்ணில் முளைத்தது என்பதுதான். சோபியாவில் அது முளைத்த மண், சமனை ஏற்க இயலாத ஒருவரின் கட்டாயம். 26-இல் சமனை மறுத்தவர், 31-இலும் 32-இலும் சிப்பாய்களை வெட்டும்போதும் அதே மறுப்பின் வழியிலேயே நடந்தார். எதிராளியின் அந்த அவசரத்தை முன்கூட்டியே கணித்து, அதற்குத் தாக்க எதையும் கொடுக்காமல், ஆனால் தன் ஒரு காயை மட்டும் சரியான மூலையில் நிறுத்திக் காத்திருந்தது கறுப்பின் வேலை. ‘கறுப்புக்குக் குறையொன்றும் இல்லை’ என்ற கொள்கையை வாழ்நாள் முழுதும் எழுதியும் ஆடியும் பரப்பிய ஹங்கேரிய கிராண்ட்மாஸ்டர் அந்த்ராஷ் அதோர்யானின் நிலைப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய மேடையில் சான்று கிடைப்பது அரிது.

கறுப்பின் இந்த வாய்ப்பு 2010-இல் தோன்றிய புதுமையன்று. 1985 நவம்பர் 9 அன்று மாஸ்கோவில் நடந்த 24-ஆவது ஆட்டத்திலும் இதே அமைப்பு இருந்தது, இன்னும் கூர்மையாக. கணக்கு காரி காஸ்பரோவுக்குச் சாதகமாகப் பன்னிரண்டுக்குப் பதினொன்று. போட்டி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று முடிந்தால் சாம்பியன் அனதோலி கார்போவிடமே பட்டம் நிற்கும். ஆகவே கார்போவ் வெள்ளையோடு வென்றே ஆக வேண்டும். சிசிலியன் தற்காப்பின் ஸ்கெவெனிங்கன் பிரிவில், தம் இயல்புக்கு மாறாக, அவர் அரசன் பக்கத்துச் சிப்பாய்களை முன்தள்ளித் தாக்கினார். காஸ்பரோவ் தம் இரு யானைகளையும் மூடிக்கிடந்த இ வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அமைதியாக நிறுத்தினார். வெள்ளை அந்த வரிசையைத் திறந்தால் அவை விழித்துக்கொள்ளும் என்ற எச்சரிக்கை அது. 42-ஆவது நகர்வில் கார்போவ் கைவிட்டார். 22 வயதில் காஸ்பரோவ் சாம்பியனானார். வெல்ல வேண்டியவர் வெள்ளை, காத்திருக்க முடிந்தவர் கறுப்பு என்ற அதே பங்கீடு.

இதற்கு நேர்மாறான நிகழ்வுகளும் இக்கருத்தையே உறுதிசெய்கின்றன. 2016-இல் நியூயார்க்கில் செர்கேய் கர்யாகினுக்கு எதிரான 12-ஆவது ஆட்டத்தில், புள்ளிகள் சமமாக இருக்க, மாக்னஸ் கார்ல்சன் வெள்ளையோடு உட்கார்ந்து 30 நகர்வுகளில் சமன் செய்து எழுந்தார். துரித ஆட்டங்களில் வென்று பட்டத்தைக் காத்தார். 2018-இல் லண்டனில் ஃபாபியானோ கருவானாவுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் அவரே கறுப்பு. நிலை அவருக்குச் சாதகமாகவே இருந்தது. 31-ஆவது நகர்வில் சமனுக்குக் கோரினார். பலர் வியந்தனர், சிலர் குறைகூறினர். துரித ஆட்டங்கள் மூன்றையும் அவர் வென்றதும் குறைகூறல் அடங்கியது. இங்கு அடுத்த கட்டத்தை அஞ்சாதவர் கார்ல்சன். அவர் எந்த நிறத்தை ஆடினாலும் அவசரம் அவரிடம் இல்லை. வெல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, சாதகமான நிலையும் கைவிடத் தக்கதாகிறது. கறுப்போடு கிடைத்த அரிய சாதகத்தை அவ்வாறு விட்டது சதுரங்கத்தின் அழகுக்கு இழப்பே. ஆயினும் பட்டத்தின் கணக்கில் அது சரியான முடிவு.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த 14-ஆவது ஆட்டம் இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கியது. கணக்கு ஆறரைக்கு ஆறரை. வெள்ளையோடு உட்கார்ந்த சாம்பியன் டிங் லிரென் துரித ஆட்டங்களை நாடினார். அவற்றில் அவருக்கே அனுபவமும் வாய்ப்பும் மிகுதி என்பது பொதுவான கணிப்பு. ஆகவே அவர் காய்களை மாற்றிக்கொண்டு, ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் காக்கக்கூடிய இறுதிநிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுசென்றார். கறுப்போடு ஆடிய சென்னையின் 18 வயது குகேஷ் அதைச் சமனென்று விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் மட்டுமே எஞ்சிய நிலையில், பெரும் ஆபத்து எதுவும் தெரியாத பலகையில், அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்வில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள எஃப்2-க்கு நகர்த்தினார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தம் மந்திரியை டி5-இல் நிறுத்தினார். வெள்ளை மந்திரி ஏ8 மூலையில் நின்றது. அங்கிருந்து செல்லக்கூடிய ஒரே மூலைவிட்டத்தைக் கறுப்பு மந்திரி மறித்துவிட்டதால், மந்திரி மாற்றத்தைத் தவிர்க்க வழியில்லை. எஞ்சிய அரசன், சிப்பாய் இறுதிநிலையில் கறுப்பின் இரு சிப்பாய்களை வெள்ளையின் ஒரு சிப்பாயால் தடுக்க இயலாது. 58-ஆவது நகர்வில் டிங் கைவிட்டார். ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் குகேஷ் உலகச் சாம்பியனானார்.

இவ்வெற்றியையும் எதிராளியின் ஒற்றைத் தவறின் விளைவு என்று சுருக்கிக் கூறியவர்கள் உண்டு. அவர்கள் கூற்று 2010-ஐப் பற்றிய அதே குறைபார்வையின் தொடர்ச்சி. சோபியாவில் கறுப்பு காத்திருந்து வென்றது; சிங்கப்பூரில் கறுப்பு காத்திருக்க மறுத்து வென்றது. ஒன்றில் சமனை அஞ்சியவர் வெள்ளை, மற்றதில் சமனை நாடியவர் வெள்ளை. இரண்டிலும் பலகைக்கு அப்பால் இருந்த துரித ஆட்டங்களின் நிழல் வெள்ளையின் நகர்வுகள் மீதே விழுந்தது. கறுப்பு அந்தப் பலகையில் இருந்த ஆட்டத்தை மட்டும் ஆடியது.